முதலில் வெளியேறுவது யார்?

ஹினோசாகி மருத்துவக் கல்லூரியின் தொலைவழிகாட்டல் மையத்துக்குத் தன் காலால் நடந்து வந்து, "எனக்கு ஒரு வழிகாட்டி வேணும்" என்று கேட்ட முதல் ஆள் டாக்டர் மியோஷிதான். அதுவரை அங்கே வந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் துறைத்தலைவர்கள் பிடரியைப் பிடித்துத் தள்ளியதால் வந்தவர்கள். ஆகவே மியோஷி கேட்டதும் மையத்தின் தலைவர் நுமஜிரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்தார், குனிந்து வணங்கினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"யாராவது மிரட்டினாங்களா சென்செய்?" என்றார். ஆசிரியரையும் மருத்துவரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"இல்லைங்க. எனக்கே ஒரு விஷயம் கேக்கணும்."

"கேக்கணுமா? வழிகாட்டிகிட்டயா?" நுமஜிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி ஒரு தேவை வரும்னு நாங்க யோசிக்கவே இல்லையே!"

மியோஷிக்கு வந்த தேவை இதுதான். அவள் குழந்தைகள் வார்டில் விரிவுரையாளர். நோயாளியைப் பார்ப்பது, படுக்கையருகே மாணவர்களுக்குப் பாடம் சொல்வது, பயிற்சி மருத்துவர்களை மேய்ப்பது எல்லாம் அவள் தலையில். அந்தப் பயிற்சி மருத்துவர்களில் ஒருவன் ஹதானோ. புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு, அவன் பணியில் இருந்தபோது, ஆறு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். யார் பணியில் இருந்தாலும் இறந்திருப்பான். பெற்றோரே ஹதானோவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்த நன்றிதான் அவனை அடித்துப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து மாடிப்படியில் நின்றபடி சோற்றுருண்டையில் பாதியைத் தின்பான், மீதியைக் குப்பையில் போடுவான். திங்கட்கிழமை காலை மியோஷியிடம் வந்தான்.

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்கறேன் சென்செய். அஞ்சு மணிக்கு லாக்கரைக் காலி பண்ணிட்டு ஊருக்கு பஸ் ஏறிடுவேன். அப்பா கடையில மீன் வெட்டப் போறேன்."

"ஏம்ப்பா திடீர்னு..."

"திடீர்னு இல்லை. நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு இத்தனை நாளும் பார்த்தேன்."

அதற்கு மியோஷி என்ன சொன்னாள் தெரியுமா? "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். யோசிச்சுச் சொல்றாளாம்! அவன் என்ன, வீட்டு மனை வாங்கலாமா என்றா கேட்டான்? சொல்லிவிட்டு அவளே தன் மேல் எரிச்சலோடு வார்டில் முன்னும் பின்னும் நடந்தாள். கொழுகொழு குழந்தையின் கையில் நரம்பைத் தேடிப் பிடிக்க அவளுக்குக் கல்லூரி சொல்லிக் கொடுத்திருக்கிறது. உடைந்துபோனவனிடம் என்ன பேசுவது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தெரிந்தவர் யாரிடமாவது கேட்கலாம் என்றுதான் மையத்தின் படி ஏறினாள்.

"உங்களுக்கு மதிப்புறு பேராசிரியர் கரசவாவை ஒதுக்கறோம்" என்றார் நுமஜிரி.

"கரசவா சென்செயா? அவர் அறை எங்க மாடியிலதானே இருக்கு? என் அறைக்கு அடுத்ததுக்கு அடுத்தது. அவர் இருமினா எனக்குக் கேக்கும். இப்பவே போய்க் கதவைத் தட்டிக் கேட்டுடறேனே!"

நுமஜிரி பேயறைந்தவர் போல ஆனார். "சென்செய், தயவுசெஞ்சு அப்படிச் செஞ்சுடாதீங்க. அமைச்சகம் மானியம் குடுத்திருக்கறது தூரத்துக்கு. நீங்க கதவைத் தட்டினா தூரம் போயிடும். அப்புறம் அது வெறும் பேச்சு. வெறும் பேச்சுக்கு எந்த அரசாங்கமாவது காசு குடுக்குமா?"

மியோஷி விட்டால் போதும் என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை திரைப் பண்பாட்டுப் பயிற்சி, அதாவது கணினித் திரையில் பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறை. புதன்கிழமைதான் வழிகாட்டி என்றார்கள். மியோஷிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணி நெருங்கிக்கொண்டே இருக்கிறது, இவர்கள் குனியச் சொல்லிக் கொடுக்கிறார்கள்! கேமராவின் முன் முறையாகக் குனிந்தால் நெற்றி விசைப்பலகையில் இடிக்கும். ஆகவே நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டுக் குனிய வேண்டும். வழுக்கை உள்ளவர்கள் குனிந்தால் விளக்கு வெளிச்சம் பட்டு எதிரிலிருப்பவர் கண் கூசும், ஆகவே வழுக்கையர்களுக்குத் தனி வகுப்பு. பின்னணியில் புத்தக அலமாரி தெரியலாம், ஆனால் வழிகாட்டியின் அலமாரியைவிட உயரமாகத் தெரியக் கூடாது.

"அடுத்தது திரையில இருக்கை வரிசை" என்றார் நுமஜிரி. "மூத்தவர் முகம்தான் பெருசா இருக்கணும். ஆனா இந்த மென்பொருள் இருக்கே, யார் பேசறாங்களோ அவங்களைப் பெருசாக்கிடுது. வளர்ப்பு சரியில்லை. ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணித் தீர்வு கண்டுபிடிச்சோம்."

"என்ன தீர்வு?"

"இளையவர் பேசாம இருந்துடணும். சிக்கலே இல்லை பாருங்க!"

கடைசியாக ஒன்றை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார். அமர்வு முடிந்ததும் மூத்தவர் வெளியேறும்வரை இளையவர் வெளியேறக் கூடாது. முந்திக்கொண்டு பொத்தானை அமுக்குவது மூத்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். அமுக்கினால் அமர்வு ரத்து, அமர்வு ரத்தானால் மார்ச் மாதத்தில் இளையவரின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மியோஷி அதற்கும் தலையாட்டினாள். மூத்தவருக்கு முன்னால் எழுந்து போகிற பழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது.

புதன்கிழமை மதியம் திரையில் கரசவா தோன்றினார். பனிக்குவியல் போன்ற புருவங்கள். இருவரும் குனிந்தார்கள். இந்த வருஷப் பனி பற்றிப் பேசினார்கள். கரசவா தன் காலத்துப் பனி பற்றிப் பேசினார். அது இன்னும் கனமான பனி.

"சென்செய், எங்க வார்டுல ஒரு பயிற்சி மருத்துவர்..." என்று மியோஷி வாயெடுத்தாள். மென்பொருள் சட்டென்று அவள் முகத்தைப் பெரிதாக்கியது. திரையின் மூலையில் கண்காணித்துக்கொண்டிருந்த நுமஜிரி தொண்டையைச் செருமினார்.

"மியோஷி சென்செய், இது அறிமுகக் கட்டம். அடுத்தது நன்றிக் கட்டம். அதுக்கு அடுத்தது சிந்தனைக் கட்டம். கேள்விக் கட்டம் ஜூன் மாசம் வருது."

"ஜூன்லயா! எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமே!"

"அவசரமா இருக்கற கேள்விக்கு நல்ல வழிகாட்டல் கிடைக்காது சென்செய்" என்றார் நுமஜிரி பரிவோடு. கரசவா தன் காலத்தில் கல்லீரலில் ஊசி போட்ட கதையைச் சொல்லி முடித்தார். நேரம் முடிந்தது. நுமஜிரி மறைந்தார்.

மியோஷி குனிந்தாள். கரசவாவும் குனிந்தார். மியோஷி நிமிர்ந்து பார்த்தாள். கரசவா போகவில்லை. சரி, இன்னும் ஆழமாகக் குனிய வேண்டும் போலிருக்கிறது என்று குனிந்தாள். அவரும் ஆழமாகக் குனிந்தார். இப்படியே இருவரும் நெல் குத்துவதுபோல மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தார்கள். எண்பது வயதுக்காரர், எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை பாவம் என்று மியோஷி நினைத்தாள். சொல்லிக் கொடுக்கலாம் என்றால், உங்களுக்குத் தெரியவில்லை என்று பெரியவரிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கணினியை மருந்துத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கரசவாவும் கூடவே உருண்டு வந்தார்.

மறுநாள் காலையிலும் அவர் திரையில்தான் இருந்தார். நாற்காலியில் சாய்ந்து தூங்கி எழுந்த முகம். மியோஷியும் அப்படித்தான். எழுந்ததும் இருவரும் குனிந்துகொண்டார்கள்.

தலைமைச் செவிலி ஓகுஷி தள்ளுவண்டியையும் மியோஷியின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். மியோஷியைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துப் போய்க் காதில் முணுமுணுத்தாள். "ஏன் சென்செய் இப்படிக் கஷ்டப்படறீங்க? மத்த டாக்டருங்க எல்லாம் ஒயரைப் பிடுங்கிடுவாங்களே! இணைப்பு அறுந்துபோச்சுன்னு ஒரு மன்னிப்புக் கடுதாசி. அவ்வளவுதான். இந்தக் காலேஜ்ல ஒரு அமர்வுகூட நேரா முடிஞ்சதில்லை. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மியோஷிக்கு இதுபோன்ற விஷயங்கள் எப்போதும் தெரியாது. வயிறெரிய ஒயரைத் தேடிப் போனாள். ஆனால் நுமஜிரி முந்திக்கொண்டார். முகமெல்லாம் பல்லாக, மாற்று பேட்டரியோடு ஒரு தொழில்நுட்ப ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சென்செய்! நாட்டிலேயே நீளமான வழிகாட்டல் அமர்வு உங்களுதுதான்! அமைச்சகத்துக்குச் சொல்லியாச்சு. இணைப்பு மட்டும் அறவே கூடாது. இவர் உங்க கூடவே இருப்பார். ஒலிவாங்கியையும் அணைச்சுடாதீங்க, அது பெரியவர் வாயைப் பொத்தற மாதிரி."

"ஆனா நாங்க ஒண்ணுமே பேசலைங்களே!"

"பேச்சுங்கறது தரம். நேரங்கறது அளவு. அறிக்கையில அளவுக்குத்தான் கட்டம் போட்டிருக்கு."

அன்று பேராசிரியர் இபுசுகியின் வார்டு சுற்று. முன்னால் பேராசிரியர், பின்னால் இணைப் பேராசிரியர், அதற்குப் பின்னால் விரிவுரையாளர்கள், பயிற்சி மருத்துவர்கள், மாணவர்கள் என்று பதவி வரிசையில் போகும் ஊர்வலம் அது. தள்ளுவண்டியைப் பார்த்ததும் ஊர்வலம் நின்றுவிட்டது. வண்டியில் இருப்பவர் இபுசுகிக்கே ஆசிரியர். ஆகவே வண்டி முன்னால் போக வேண்டும். ஆனால் வண்டியைத் தள்ளுவது மியோஷி, அவள் இணைப் பேராசிரியருக்கு முன்னால் போகக் கூடாது. நடைபாதையிலேயே கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் வண்டியில் கட்டுத்துணியைக் கட்டி, வரிசையிலேயே இல்லாத ஓகுஷியை முன்னால் விட்டு இழுக்கச் சொன்னார்கள். மியோஷி தன் இடத்திலிருந்தே வண்டியை நோக்கிக் கைநீட்டியபடி நடக்க வேண்டும், அது தள்ளுவதாகக் கணக்கு.

ஒவ்வொரு படுக்கையிலும் இபுசுகி திரையைப் பார்த்துக் குனிந்தார். இணையம் மந்தம், கரசவா குனிவது தாமதமாக வந்தது. அதுவரை ஊர்வலம் முழுக்கக் குனிந்தே நின்றது. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு சிறுமி இருமினாள், அம்மா டம்ளரோடு குறுக்கே வந்தாள்.

"கொஞ்சம் ஒதுங்குங்கம்மா" என்றார் இபுசுகி கனிவாக. "இந்தச் சுற்று நோயாளிக்காக நடக்குது. நோயாளி குறுக்க வந்தா எப்படி நடத்தறது?"

சிறுமி திரையைப் பார்த்து, "தாத்தாவை ஏன் பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். எல்லோரும் பதறினார்கள். கரசவா மட்டும், "அதைத்தான் நானும் யோசிக்கறேன் கண்ணு" என்றார். நகைச்சுவை என்று எண்ணி ஊர்வலம் பதவி வரிசைப்படி சிரித்தது.

சுற்று முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஹதானோ வண்டியருகே வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "சென்செய், ஒரு நிமிஷம் பேசலாமா?"

பேசலாம் என்று சொல்ல மியோஷி வாயெடுத்தாள். ஒலிவாங்கி திறந்திருந்தது. பக்கத்தில் பேட்டரிக்காரர் நின்றார். அவள் திரையைக் கைகாட்டினாள், அவளால் முடிந்தது அவ்வளவுதான். ஹதானோ திரையைப் பார்த்தான். அதற்கு ஒரு முறை குனிந்தான். பிறகு திரும்பிப் போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற மியோஷிக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. அவனுக்கு என்ன சொல்வதென்று கற்றுக்கொள்ள வந்த இடத்தில், அவன் தானே வந்து கேட்டபோது வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறாளே, இதைவிடக் கேவலம் வேறென்ன!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாநாட்டு அறையில் பாராட்டு விழா. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். தள்ளுவண்டிக்கு ரிப்பன் கட்டி, அதன் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். மியோஷி நெருப்பின் மேல் நிற்பவள்போலக் கால் மாற்றி மாற்றி நின்றாள். கல்லூரித் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார், விடுவதாக இல்லை.

"வழிகாட்டல்னா என்ன? யாரோ ஒருத்தர் கேக்கறதும், யாரோ ஒருத்தர் பதில் சொல்றதுமா? அது தெருவில வழி கேக்கறவனும் செய்வான். நம்ம கல்லூரி அதைத் தாண்டி வந்தாச்சு. ஒருத்தரும் எதையும் கேக்காம, ஒருத்தரும் எதையும் சொல்லாம, இத்தனை நாள் தொடர்ந்திருக்காங்களே, இதுதான் சாதனை! இளம் மருத்துவர்கள் நம்மை விட்டுப் போறாங்கன்னு பத்திரிகையில எழுதறாங்க. போகட்டும்! வழிகாட்டல் தொடருது இல்லையா?"

கைதட்டல். அது அடங்கும் முன்பே திரையிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"ஏம்மா மியோஷி, உனக்கு வீடு வாசல் இல்லையா? எப்பத்தான் கிளம்புவே?"

மென்பொருள் கரசவாவின் முகத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கியது.

"நீங்க கிளம்பினாத்தானே சென்செய் நான் கிளம்ப முடியும்! உங்களுக்குப் பொத்தான் தெரியலையோன்னு..."

"பொத்தான் தெரியாதா? பேரனோட தினமும் பேசறேன், எனக்கா தெரியாது! மூத்தவர் முதல்ல வெளியேறினா அது அதிகாரத் துன்புறுத்தல்னு வழிகாட்டிகளுக்குக் குடுத்த புத்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கே! குளிச்சு எத்தனை நாளாச்சு. சம்சாரம் வீட்டிலேர்ந்து சாப்பாட்டைக் கொண்டுவந்து இந்த அறைக் கதவுக்கு வெளியே வெச்சுட்டுப் போறா. இந்தப் பொண்ணு ஏதோ பெரிய துக்கத்துல இருக்கு போல, விட மாட்டேங்குதேன்னு நானும் உக்காந்திருக்கேன்."

எல்லோரும் நுமஜிரியைப் பார்த்தார்கள். நுமஜிரி வெட்கப்படவில்லை. கண்கள் பனிக்க எழுந்து நின்றார். "இளையவர் புத்தகம், மூத்தவர் புத்தகம் ரெண்டையும் நான்தான் எழுதினேன். ரெண்டு பக்க மரியாதைக்கும் குறை வரக் கூடாது இல்லையா? ரெண்டையும் ஒழுங்கா படிச்சவங்க இவங்க ரெண்டு பேர்தான். மத்தவங்க எல்லாம் எப்படி வெளியேறினாங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியலே."

மற்ற ஆசிரியர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கல்லூரித் தலைவர் நிலைமையைச் சமாளித்தார். யார் முதலில் வெளியேறுவது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்படும். குழுவின் கூட்டம் திரையில் நடக்கும். முடிவு வரும்வரை இருவரும் இப்படியே இருக்கலாம். இதைக் கேட்டதும் மியோஷிக்குள் ஏதோ அறுந்தது. இருபது வருஷமாகக் குனிந்த முதுகு விறுக்கென்று நிமிர்ந்தது.

"கரசவா சென்செய், ஒரே ஒரு கேள்வி."

"ஜூன்!" என்று நுமஜிரி கூவினார்.

"என் பயிற்சி மருத்துவர் ஒருத்தன் குழந்தை ஒண்ணைப் பறிகுடுத்துட்டு வேலையை விட்டுப் போறான். அஞ்சு மணிக்குப் போயிடுவான். அவன்கிட்ட நான் என்ன சொல்லணும்?"

கரசவா கேமராவுக்கு நெருங்கி வந்தார்.

"தெரியாதும்மா. என் காலத்துலயும் நிறையப் பேர் போனாங்க. ஒருத்தன் பேரும் ஞாபகம் இல்லை. எவனும் என்கிட்ட சொல்லிட்டுப் போனதில்லை."

"இவன் சொன்னான்" என்றாள் மியோஷி. "திங்கட்கிழமையே சொன்னான்." கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். சுவர் கறுத்தது. பேட்டரிக்காரர் வீறிட்டார். "ஒப்பந்தம்! மார்ச்!" என்று யாரோ கத்தினார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நடைபாதையில் தூரத்தில் குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் அவளைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

உடைமாற்றும் அறையில் ஹதானோ பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். மியோஷி மூச்சிரைக்க வாசலில் நின்றாள்.

"உங்க வண்டி எங்க சென்செய்?"

"விட்டுட்டு வந்துட்டேன். ஹதானோ, உன்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சேன், கேட்டும் பார்த்தேன். ஒண்ணும் கிடைக்கலே. ஒருத்தருக்கும் தெரியலே."

அவன் முதலில் விழித்தான். பிறகு அவனையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைச் சொல்லவா இந்த ஓட்டம்?"

"நேத்து நீ வந்தப்ப நான் அந்தக் கணினியைக் காட்டினேனே, அதுக்கு மன்னிச்சுக்கோ. நான் பயிற்சியில இருந்தப்ப என் கையிலயும் ஒரு குழந்தை போச்சு. சயாகான்னு பேரு. அப்ப என்னை அடுத்த வார்டுக்கு மாத்திட்டாங்க, அவ்வளவுதான். துணி அலமாரிக்குள்ள உக்காந்து அழுதேன். நீ மீன் வெட்டப் போறதுன்னா போ, நான் தடுக்கலே. ஆனா போறதுக்கு முன்னாடி அந்தப் பையனைப் பத்தி எனக்குச் சொல்லிட்டுப் போ."

அவன் பையைக் கீழே வைத்தான். இருவரும் உட்கார்ந்தார்கள். ஜிப்பின் முனையைத் திருகிக்கொண்டே அவன், "என் ஷூ லேஸை அவிழ்த்து விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்துக்குவான் சென்செய்" என்று ஆரம்பித்தான். "தினமும். நானும் தினமும் தடுக்கி விழற மாதிரி நடிப்பேன். அன்னிக்குக் காலையில லேஸ் அவிழலே. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு..." அதற்கு மேல் முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மியோஷியும் அழுதாள். ஊருக்குப் போகும் பஸ் போயிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மியோஷியின் பையிலிருந்த கைபேசி அலறியது. திரையில் தொலைவழிகாட்டல் மையம். அவள் எடுக்கத் தயங்கினாள். ஹதானோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினான்.

"டாக்டர் மியோஷி இப்ப வர முடியாதுங்க. வழிகாட்டல்ல இருக்காங்க."

"வழிகாட்டலா?" நுமஜிரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எங்க பதிவில ஒண்ணும் காட்டலையே! இணைப்பு எண் சொல்லுங்க."

ஹதானோ மியோஷியைப் பார்த்தான்.

"எண் எதுவும் இல்லைங்க" என்றான். "ரெண்டு நாற்காலிதான் இருக்கு."